குதிரை ஏறினால் கதை வருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. வேலை, வயது முப்பதை நெருங்குகிறது, நான்கைந்து சிறுகதைகள் அச்சில் வந்திருக்கின்றன, நாவல் ஒன்று எட்டு மாதமாக நாற்பதாவது பக்கத்திலேயே நிற்கிறது. குதிரையேற்றமும் பயணமும் எழுத்துக்கு உரம் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். மூன்று மாத வகுப்பில் சேர்ந்துவிட்டு, பிறகு ராஜஸ்தான் பக்கம் இரண்டு வாரம் குதிரையில் சுற்றி வரலாமா, அந்தச் செலவுக்குப் பலன் இருக்குமா என்கிறீர்கள். குதிரையைக் கொஞ்சம் ஓரமாகக் கட்டிவைத்துவிட்டுப் பார்த்தால், மேஜை முன்னால் உட்கார்ந்து வராத எழுத்து உடம்பை வேறெங்காவது கொண்டுபோனால் வருமா என்றுதான் கேட்கிறீர்கள்.

கோவைக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷமாகக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நடுநடுவே சிறுகதை எழுதுவேன், ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. மருத்துவனோ மனவியல் படித்தவனோ அல்ல. ஆகவே குதிரையைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம், எழுத்தைப் பற்றிச் சொல்வதில் பாதியை நம்பலாம், மூளையைப் பற்றிச் சொல்வது நான் படித்துத் தெரிந்துகொண்டது மட்டுமே.

அந்தப் படித்த விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மேரிலி ஒப்பெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட நடக்கும்போது புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. டிரெட்மில்லில் சுவரைப் பார்த்து நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளில் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். நடை யோசனைகளைக் கொட்டும், அதில் எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று பார்க்க மறுபடி நாற்காலிக்குத்தான் வரவேண்டும் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். அதே ஆய்வில் சிலரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளிக்காற்றுக்கும் ஒரு பலன் இருந்தது, ஆனாலும் வெளியே தன் காலால் நடந்தவர்கள்தான் முந்தினார்கள். குதிரை மேல் போகிறவன் இந்த இரண்டில் எந்தக் கணக்கு? நடப்பது குதிரை, இவன் உட்கார்ந்திருக்கிறான். உடம்பு முழுக்க வேலை செய்கிறது என்பதும் உண்மை. அந்த 60 சதவீதத்தைத் தூக்கிக் குதிரை முதுகில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. உங்களுக்கு யாராவது அப்படி விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

பயணத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. 2009-இல் வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர், அயல்நாட்டில் வாழ்ந்த அனுபவத்துக்கும் படைப்புத்திறனுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். சும்மா போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததற்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு என்பதாலேயே காரணம் என்று ஆகிவிடாதுதான். என்றாலும் இரண்டு வாரச் சுற்றுலாவுக்குக் கடன் வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி எனக்கு உறுதியாகத் தெரிந்த பக்கம். எழுத ஆசைப்பட்டு என்னிடம் குதிரையேறக் கற்க வந்தவர்கள் இத்தனை வருஷத்தில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் பாய்ச்சல் வேண்டும். பிடரி மயிர் பறக்க வேண்டும், காற்று முகத்தில் அறைய வேண்டும். பாய்ச்சலில் எதுவும் கண்ணில் விழாது என்பதை ஏறின பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வேகத்தில் மனசு முழுக்கக் கீழே விழாமல் இருப்பதில்தான் இருக்கும். மரம் ஒரு பச்சைக் கோடு, அவ்வளவே. குதிரை மேலிருந்து உலகம் தெரிவது நடையில். மணிக்கு ஆறு கிலோமீட்டர், மனிதன் கொஞ்சம் விறுவிறுப்பாக நடக்கிற வேகம்தான். ஆனால் கண் எட்டடி உயரத்தில் இருக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. கிணற்றடியில் துணி துவைப்பவர், மொட்டை வரப்பில் மல்லாந்து கிடக்கும் நாய், கோழிக்கூண்டு மேல் காயும் வடகம் எல்லாம் வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு முழு நிமிஷம் கண் முன்னால் நிற்கிறது. நடந்து போனால் வேலி மறைக்கும், பைக்கில் போனால் வேகம் மறைக்கும்.

கல்கி இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பொன்னியின் செல்வன் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு குதிரைவீரனோடு தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் குதிரை களைத்துப்போய் மெள்ள மெள்ள நடக்கிறது என்பது பலருக்கு மறந்திருக்கும். வந்தியத்தேவன் பாய்ந்து வந்திருந்தால் ஏரியும் இல்லை, மதகுகளில் பொங்கிப் பாயும் தண்ணீரும் இல்லை, கரையில் கூடியிருக்கும் ஜனங்களும் இல்லை. குதிரை சோர்ந்ததால்தான் நமக்குச் சோழநாடு தெரிகிறது. நான் புது ஆட்களுக்கு முதல் பத்து வகுப்பு வெறும் நடை மட்டும் வைப்பதற்கு இதைச் சாக்காகச் சொல்வேன். உண்மைக் காரணம் அவர்கள் விழுந்து கையை உடைத்துக்கொள்ளக் கூடாது என்பது.

அடுத்தது லாய வேலை. புத்தகத்தில் சேணம், அங்கவடி என்று எழுதுவோம், லாயத்தில் சாடில், ஸ்டிரப் என்றுதான் பேச்சு. அந்த சாடிலை ஏற்றி வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது சில குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும். இறுக்கிவிட்டோம் என்று நாம் நினைப்போம். ஐந்து நிமிஷம் நடந்தபிறகு மூச்சு விட்டிருக்கும், பட்டை தொளதொளவென்று தொங்கும், ஏறினவர் சாடிலோடு சேர்ந்து பக்கவாட்டில் சரிவார். எங்களிடம் இருந்த ஒரு வயசான பெண்குதிரை இதில் கைதேர்ந்தது. பட்டையைத் தொட்டதும் காதைப் பின்னுக்குச் சாய்க்கும், கண்ணை மட்டும் நம் பக்கம் திருப்பும். நாமும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் ஒரு சுற்று நடத்திவிட்டுத் திரும்ப இறுக்குவோம். நிறைய கதாபாத்திரங்களை நான் இந்தக் குதிரையிடமிருந்துதான் எடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு ஜீவன் என்ன நினைக்கிறது, எதை மறைக்கிறது என்று காதையும் வாலையும் தோல் சிலிர்ப்பையும் வைத்தே தினமும் படிக்கிற பழக்கம் இருந்தால், வசனம் எழுதும்போது பாதி வசனத்தை வெட்டிவிடலாம் என்று கை தானாகச் சொல்லும்.

குளம்பு சுத்தம் செய்வதையும் சொல்ல வேண்டும். குதிரையின் வால் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோளால் லேசாக முட்டி, காலைத் தடவிக் கீழே வந்து தூக்க வேண்டும். மனசில்லாவிட்டால் அது தன் எடையை மொத்தமும் உங்கள் கைமேல் போடும். இரும்புக் கொக்கியால் குளம்புக்குள் அடைந்த சாணியும் மண்ணும் எடுக்கும்போது ஒரு வாடை வரும். ஈரமான பழைய தோல் செருப்பு மாதிரி இருந்தால் சரி. அழுகின முட்டை மாதிரி குப்பென்று அடித்தால் உள்ளே நோய் பிடித்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை மூக்கு கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. கூகுளில் கிடைக்காத ஒரு வரி கதைக்கு வேண்டும் என்றால் அது இப்படித்தான் கிடைக்கும். சவாரி முடிந்ததும் லகானை ஆளிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போகிறவர்களுக்குக் கிடைக்காது.

பயணம், குதிரை, எழுத்து மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த ஓர் உதாரணம் வேண்டும் என்றால் இசபெல்லா பேர்டைச் சொல்வேன். 1831-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்து முதுகெலும்பில் கோளாறு. வீட்டில் இருந்தால் படுக்கை, ஊர் ஊராகப் போனால் தெம்பு, விசித்திரமான உடம்பு. 1873-இல் ஹவாய் போனபோது, அந்தக் காலத்துப் பெண்கள் உட்காருகிற ஒருபக்கச் சேணத்தில் முதுகு வலி தாங்கவில்லை. அங்கே உள்ளூர்ப் பெண்களைப் போல இருபக்கமும் கால் போட்டு ஏறிப் பார்த்தார், வலி விட்டது. அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பனிக்குள் தனியாகக் குதிரையில் பல நூறு மைல் சுற்றினார். அப்போது வயசு நாற்பத்திரண்டு. ஊர் நெருங்கும்போது மட்டும் பேச்சுக்கு ஆளாகாமல் இருக்க ஒருபக்கமாக மாறி உட்கார்ந்துகொள்வாராம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அவருடைய துணிச்சலைவிட அவர் எழுதிய விதத்தை. அன்றன்றைக்கு நடந்ததை ஸ்காட்லாந்தில் இருந்த தங்கை ஹென்ரியட்டாவுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்கள்தான் பிறகு திருத்தப்பட்டு, முதலில் பத்திரிகையில், 1879-இல் புத்தகமாக வந்தன. குதிரையிலிருந்து இறங்கி ஆறு வருஷம் கழித்து! அதுவரை சரக்கு கெடாமல் இருந்ததற்குக் காரணம், அது கடிதத்தில் இருந்தது, ஞாபகத்தில் அல்ல. இன்னொன்று, வாசகி ஒரே ஒருத்தி. அவளுக்கு எது தெரியும், எது தெரியாது, எதற்குச் சிரிப்பாள் என்று எழுதுகிறவருக்கு அத்துப்படி. அந்தக் குரலில் இருக்கிற நெருக்கம் அங்கிருந்து வருகிறது என்பது என் ஊகம். நாற்பதாவது பக்கத்தில் நிற்கிற நாவலை நீங்கள் யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்ல முடிகிறதா?

எதிர்ப்பக்க உதாரணம் அன்னா சூவெல். பதினான்கு வயசில் விழுந்து கணுக்கால்கள் கெட்டுப்போய் வாழ்நாள் முழுக்கச் சரியாக நடக்க முடியாதவர். சின்னக் குதிரைவண்டியில் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார், அதுதான் அவருடைய அன்றாடச் சவாரி. கடைசி வருஷங்களில் படுக்கையில் கிடந்தபடி துண்டுத் தாள்களில் எழுதியும் அம்மாவிடம் சொல்லியும் 'பிளாக் பியூட்டி' என்ற ஒரே ஒரு நாவல் எழுதினார். குதிரையே தன் கதையைச் சொல்வதாக வரும், 1877-இல் வெளிவந்தது. அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார். ராஜஸ்தானும் இல்லை, கொலராடோவும் இல்லை, வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைதான்.

என் சொந்தக் கதை ஒன்று. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும், கேள்விப்பட்டிருப்பீர்கள். பல வருஷம் முன்னால் அங்கே ஒரு நாலு வயசுக் குதிரை வாங்கினேன். லாரி வாடகைக்குக் கையில் காசு போதவில்லை. சரி, நடத்தியே கொண்டுபோவோம் என்று கோபி வழியாகக் கிளம்பினேன். மொத்தம் நூற்றுப்பத்துக் கிலோமீட்டர் இருக்கும், மூன்று நாளில் வீடு என்று கணக்கு. முதல் நாள் மத்தியானம் வாய்க்கால் கரையில் ஒரு வெள்ளை பிவிசி பைப் கிடந்தது. அதைத் தாண்ட மாட்டேன் என்று குதிரை நின்றுவிட்டது. கெஞ்சியும் மிஞ்சியும் பார்த்தாயிற்று, அசையவில்லை. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், வாலுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் கீழேயும் தெரியாது. கிட்டே போகப்போக அந்தப் பைப் மறைந்துபோகிறது, அதுதான் பயம். இந்தப் பாடமெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அரைமணி நேரம் கழித்து வரப்பு வழியாக ஒரு பெரியவர் வந்தார். பைப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சந்தையில புடிச்சீங்களா?" என்றபடி குதிரையின் முன்னங்காலை முட்டியிலிருந்து கீழ்வரைக்கும் உள்ளங்கையால் நீவினார். "சூடா இருக்குதுங்க. இன்னைக்கு இதோட நிறுத்திப் போடுங்க." நானும் தொட்டுப் பார்த்தேன். ஒரு கால் சில்லென்று இருந்தது, மற்றது சுட்டது. தசைநாரில் சுளுக்கு தொடங்கினால் முதலில் தெரிவது அந்தச் சூடுதான். இத்தனை வருஷ அனுபவஸ்தன், பைப்பையே பார்த்துக்கொண்டு காலைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். பயந்து நின்றதா, வலித்து நின்றதா, இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது.

அன்றைக்கு அவர் தோட்டத்துச் சாளையில் தங்கினேன். "எங்கப்பாரு கோபியில ஜட்கா ஓட்டுனாருங்க" என்று ஆரம்பித்தார். பஸ் பெருத்துப்போய் ஜட்காவுக்கு ஆள் இல்லாமல் குதிரையை விற்றுவிட்டாராம். "வித்த பொறவும் அப்பாரு சந்தைக்கு நடந்து போறப்ப, ஒரு டீக்கடை முன்னால ஒரு நிமிஷம் நிப்பாருங்க. டீ குடிக்க மாட்டாரு. குதிரை வழக்கமா நிக்கிற எடமுங்க அது." அதை அன்று ராத்திரியே கொள்ளு வாங்கின பில்லின் பின்புறம் எழுதிவைத்தேன். கதையானது ஐந்து வருஷம் கழித்து. அந்த பில் இல்லாவிட்டால் 'குதிரையை விற்ற சோகம்' என்று மொத்தையாக ஏதோ நினைவிருந்திருக்கும், டீ குடிக்காமல் நின்ற அந்த ஒரு நிமிஷம் போயிருக்கும். குதிரைக்குக் கால் சரியாக மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் கடன் வாங்கி லாரியில்தான் கொண்டுவந்தேன்.

உங்கள் நாவலில் குதிரைகள் வருகின்றன என்று எழுதியிருப்பதால் ஒரு சின்னக் குறுக்கீடு. நம் சரித்திரக் கதைகளில் தஞ்சாவூரில் ஏறினவன் ஒரே ராத்திரியில் காஞ்சிபுரத்தில் இறங்குகிறான். முழுப் பாய்ச்சலைக் குதிரை சில கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. நடையும் நடையோட்டமுமாகக் கலந்து, தண்ணி காட்டி, நாளைக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வேகமாகச் செய்தி போக வேண்டுமானால் வழியில் குதிரை மாற்ற வேண்டும். 1860-இல் அமெரிக்காவில் குதிரைத் தபால் நடத்தியவர்கள் இருபது கிலோமீட்டர் வாக்கில் ஒரு குதிரை மாற்றித்தான் சுமார் மூவாயிரம் கிலோமீட்டரைப் பத்து நாளில் கடந்தார்கள். இன்னொன்று, பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, கடல்வழியாக வருஷா வருஷம் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை செத்துப்போவதையும், வியாபாரம் தொடர வேண்டும் என்று வணிகர்கள் லாடம் அடிக்கிறவர்களைக் கூட்டிவருவதே இல்லை என்பதையும் எழுதியிருக்கிறார். வணிகர்களைப் பற்றிய குற்றச்சாட்டு அவர் காதில் விழுந்த பேச்சாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நாவலுக்கு அந்த ஒரு வரி போதாதா?

பார்த்துப் பழகினது என்று நினைப்பதையும் முழுக்க நம்ப வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் பலர் பாயும் குதிரையை முன்கால் முன்னாலும் பின்கால் பின்னாலும் விரிந்து பறப்பதாகவே வரைந்தார்கள். 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்தபோது, நாலு காலும் தரையை விடுவது உண்மைதான், ஆனால் அந்த நொடியில் கால்கள் வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கின்றன என்று தெரிந்தது. குதிரையோடேயே வாழ்ந்தவர்கள்கூட அதைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. பாய்ச்சலில் குதிரை ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு என்று கணக்காக விடும் என்பதும் உறுதியான விஷயம். இதைச் சொன்னால் எழுத்தாளர்கள் உடனே வாக்கிய லயம், மூச்சுக் கணக்கு என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் வாக்கியங்களில் அப்படி எதுவும் ஏறினதாகத் தெரியவில்லை. ஏறியிருந்தால் என் எடிட்டர் வெட்டியிருப்பார்.

ஆக, உங்கள் பணத்துக்கு வருகிறேன். ராஜஸ்தானை இப்போதைக்கு விடுங்கள். வகுப்பில் சேருங்கள், ஆனால் சேரும்போதே, ஒரு மணி நேரம் முன்னால் வந்து லாய வேலை செய்யலாமா என்று கேளுங்கள். முடியாது என்கிற இடத்தில் சேராதீர்கள். வாரம் இரண்டு நாள் போதும். வகுப்பு முடிந்து வீடு போவதற்கு முன்னால், வியர்வை காய்வதற்குள், ஒரு பக்கம் எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளுக்குக் கடிதமாக. அனுப்ப வேண்டும் என்றுகூட இல்லை. அதில் 'அழகு', 'சுதந்திரம்' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, அன்றைக்குக் குதிரை என்ன செய்தது என்று எழுதுங்கள். முதல் ஒரு மாதம் தொடையும் இடுப்பும் வலிக்கும், நாவல் பக்கமே போக மாட்டீர்கள், அது பரவாயில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம் என்று ஒரு பழமொழி உண்டல்லவா? என்னிடம் வந்த பத்துப் பதினைந்து பேரில் எழுதி முடித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே ஏற்கெனவே தினமும் எழுதிக்கொண்டிருந்தவர்கள். மற்றவர்களில் சிலர் நன்றாகக் குதிரை ஓட்டுகிறார்கள், அதுவும் நஷ்டமில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகும் பயணம் போக வேண்டும் என்று தோன்றினால், ஆடியில் அந்தியூருக்குப் போங்கள். வாங்க வேண்டாம், நாலு நாள் அங்கேயே தங்கி விலை பேசுகிறவர்கள் பக்கத்தில் நில்லுங்கள். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கோடியக்கரையில் யாருக்கும் சொந்தமில்லாத மட்டக் குதிரைகள் காட்டில் திரிகின்றன, அவற்றைத் தூரத்திலிருந்து ஒரு முழுப் பகல் பார்க்கலாம். பழனியில் குதிரைவண்டி கிடைத்தால் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுக்காமல், அவர் கையை மட்டும் கவனித்துக்கொண்டு வரலாம். முதுகு, கழுத்து எலும்பில் ஏற்கெனவே தொந்தரவு இருந்தால் இது எதற்கும் முன்னால் டாக்டரைப் பாருங்கள். பேர்டுக்குச் சரியாகப் போனது உங்களுக்கும் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஹெல்மெட் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், பைக் ஹெல்மெட் உதவாது. ஷூவுக்குச் சின்னதாகக் குதிகால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் ஸ்டிரப்புக்குள் நழுவிப்போய் மாட்டிக்கொள்ளும். வயிற்றுப் பட்டையை ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை இறுக்குங்கள்.